ஸ்பெஷல் ஃபிட்டிங்

என் மகள் ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "உன்னை மாதிரி ஒரு பொம்பளை போன்ல என்னன்னு தேடுவா? மனசுல வர்றத எழுதும்மா" என்றாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! உன்னை மாதிரி என்றால் என்னடி அர்த்தம் என்று கேட்டேன். அவள் நோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் தையல்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் சட்டைக்குக் காலர் வைத்தவள். பிறகு எனக்கு இடது பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன், அன்றைக்குப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு துருவ மாட்டார்கள். பிரட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டியதும் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டேன் என்று அடுத்த பொய். மாதாவையே சாட்சிக்குக் கூப்பிட்டுப் பொய் சொன்னவள் நான். மன்னித்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஜாக்கெட் போடுவது பெரும்பாடு. கைக்குட்டையை மடித்து வைத்தேன், நழுவியது. பஞ்சை வைத்தேன், கனமே இல்லாததால் நடக்க நடக்கக் கழுத்துப் பக்கம் ஏறியது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் பயந்து கையை மடக்கிக்கொண்டே நிற்பேன். கடைசியில் தைக்கத் தெரிந்த புத்தி வேலை செய்தது. மல் துணியைக் கூம்பாக வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, அடியில் எடைக்கு ஒரு பிடி கடுகைத் தனியாகச் சின்னப் பையில் போட்டுத் தைத்தேன். துவைக்கும்போது கடுகுப் பையை எடுத்துவிடலாம். ஜாக்கெட்டின் உள்பக்கம் அதற்கென்று ஒரு பாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற அன்று நான் அழுதது எனக்கும் கண்ணாடிக்கும்தான் தெரியும்.

செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. அவர் சொல்லி அனுப்பிய பெண்கள் திருநின்றவூரிலிருந்தும், நூம்பலிலிருந்தும், பூந்தமல்லியிலிருந்தும் வந்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, தெரு அடங்கிக் கிடக்கும் மத்தியானத்தில் வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அளவு எடுப்பேன். வெளியே 'லேடீஸ் டெய்லர்' என்று மட்டும்தான் போர்டு. எங்கள் திருமுல்லைவாயில் ஆட்கள் யாரும் இந்த வேலைக்காக என்னிடம் வந்துவிடக் கூடாதே என்று ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறேன். வந்தால், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே, அதற்காக.

அந்த நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றலானதும் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அப்போதுதான் மகள் வெப்சைட் போடலாம் என்று ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்தைத் தயார் பண்ணிவிட்டாள். ஆனால் பக்கம் இருந்தால் மட்டும் போதாதாம். ஜனங்கள் தேடும்போது எந்த வார்த்தையைப் போடுகிறார்களோ அந்த வார்த்தை நம் பக்கத்திலும் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் போன் நம்மைக் கொண்டுபோய் அவர்கள் கண்ணில் காட்டுமாம். அவள் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நாம என்ன தைக்கிறோம்ங்கறது அதுக்குத் தெரியாதும்மா. அவங்க என்ன கேக்கறாங்களோ, அதே மாதிரி நாம எழுதியிருக்கணும்."

அதற்காகத்தான் அந்த நோட்டு. முதலில் அவளே டாக்டர்கள் சொல்லும் இங்கிலீஷ் பெயரை எழுதினாள். யாருக்குடி அது வாயில் நுழையும், ஆபரேஷன் பண்ணிக்கொண்ட எனக்கே நுழையவில்லை என்றேன். சரி, நீயே சொல் என்றாள். 'மார்பு எடுத்தவர்களுக்கான ப்ளவுஸ்' என்று போடலாமா என்று அவளே கேட்டாள். நான் நோட்டைப் பிடுங்கி மூடிவிட்டேன். என் பெயரும் போன் நம்பரும் இருக்கிற பக்கத்தில் அந்த வார்த்தையா? கண்ட ஆம்பிளைகள் போன் பண்ணிக் கண்டதைப் பேசுவான்கள். கோயிலுக்கு வருகிற ஒருத்தி பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் கோயிலைச் சேர்ந்த பங்கு ஜனம் முழுக்கப் பரவிவிடும். இப்படியெல்லாம் கத்தினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள், "ஆபரேஷன் ஆனப்ப நீ போன்ல எதுவும் தேடலியாம்மா?"

இல்லை என்றேன். பச்சைப் பொய். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாளி மேல் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். என்னென்ன கேட்டேன் என்று ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். தேடி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அவள் எதைக் கேட்டாளோ அது அவ்வளவும் என்னிடமே இருந்தது. சொல்லவில்லை. 'ஸ்பெஷல் ஃபிட்டிங் ப்ளவுஸ்' என்று போடு, வேண்டியவர்களுக்குப் புரியும் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அப்படியே போட்டாள்.

யாருக்குப் புரிந்தது? கல்யாணப் பெண்களுக்குப் புரிந்தது. ஆரி வேலை செய்வீர்களா, முதுகில் ஜன்னல் வைப்பீர்களா, மயில் போடுவீர்களா என்று போன் மேல் போன். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் ஆண்டு விழாவுக்கு முப்பது பரதநாட்டிய டிரஸ் கேட்டார். ஒரு மனிதர் தன் தொப்பைக்கு ஸ்பெஷலாகச் சட்டை தைக்க முடியுமா என்று கேட்டார், பாவம், நல்ல மனிதர்தான். மாதம் ஒருமுறை மகள் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டுவாள். யார் யார் என்ன தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் இருக்கும். கல்யாண ப்ளவுஸ் டிசைன், லூசான ப்ளவுஸை டைட் பண்ண, அம்பத்தூரில் சீக்கிரம் தைத்துத் தரும் டெய்லர். தேவைப்படுகிறவர்கள் ஒருத்தர்கூட இதில் இல்லையம்மா என்பாள். வரும்போது வருவாங்க, போடி என்பேன். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

எங்கள் அன்பியத்தில் ஓர் அக்கா இருந்தார். அன்பியம் என்றால் எங்கள் பங்கில் நாலைந்து தெருவுக்கு ஒரு குழு, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். அக்காவின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகள். ஜெபமாலையை அவர்தான் ஆரம்பிப்பார். அந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம். கடையில் யாராவது சட்னி சரியில்லை என்றால் அதே குரலில் நாலு வாங்கு வாங்குவார்.

ஒரு இரண்டு மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தபோது தலை மொட்டை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கினேன் என்றார். முன்னால் உட்காருகிறவர் பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தார், அந்த மே மாத வெயிலில். யாரோ என்னக்கா என்று கேட்டதற்கு, "தோளு புடிச்சிகினு கீதும்மா, தூக்கவே முடில" என்றார். எல்லோரும் ஆளுக்கு ஒரு தைலம் சொன்னார்கள்.

எனக்கா தெரியாது? அந்த வேளாங்கண்ணிப் பொய்யை இந்தத் தெருவில் முதலில் சொன்னவளே நான்தானே. அவர் கையை எப்படி விலாவோடு சேர்த்து வைத்திருந்தார் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அக்கா, எனக்கும் இப்படித்தான் என்று காதோடு சொல்லியிருந்தால் முடிந்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் போதும், அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருப்பேன். வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நாமாகப் போய்க் கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாருக்குச் சங்கடம்? எனக்குத்தான்.

மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை ஆவடி. எங்கள் கோயிலில்தான் பூசை, பக்கத்து மண்டபத்தில் பிரியாணி. பெண்ணைப் பெற்றவள், புருஷன் இல்லாமல் தனியாக நின்று ஒப்பேற்றின கல்யாணம், மேடையில் நடுநாயகமாக நிற்க வேண்டியவர். அவர் மேடைக்கே ஏறவில்லை. பிடித்து இழுத்து ஏற்றினபோது இடது பக்கம் ஒரு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சாப்பிடும்போதும் பை நெஞ்சில். போட்டோக்காரர் பையைக் கீழே வையுங்கம்மா என்றதற்கு அவரைச் சத்தம் போட்டார். எங்கள் பந்தியில் ஒருத்தி, அதில் என்ன புதையலா இருக்குது என்று கேலி பண்ணினாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு எட்டு மாதம்தான். நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. மஞ்சள் காமாலை என்று வெளியே சொன்னார்கள். பார்க்கப் போனபோது படுத்த படுக்கையிலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உயிர் போயிற்று.

எங்களில் இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டி உடுத்துவது அன்பியத்துப் பெண்களின் வேலை. நானும் இன்னொருத்தியும் அக்காவின் மகளும் உள்ளே இருந்தோம், கதவைச் சாத்தியிருந்தோம். ஜாக்கெட் கொக்கியைக் கழற்றியதும் உள்ளே இருந்து ஒரு வெள்ளை சாக்ஸ் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது. மகள் படித்த காலத்தில் போட்டதாக இருக்க வேண்டும். உள்ளே பஞ்சை அடைத்து, வாயைச் சுருட்டி, மூன்று ஊக்கு போட்டு ஜாக்கெட்டோடு குத்தியிருந்தார். ஓர் ஊக்கு துருப்பிடித்து, தோலில் பட்ட இடம் கறுத்திருந்தது. சாகக் கிடக்கும்போதும் பார்க்க வருகிறவர்களுக்காக அதைக் குத்தியே வைத்திருந்திருக்கிறார்.

கூட இருந்தவள் இன்னாது இது என்று கேட்டாள். நான் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அக்காவின் மகள், தன் கல்யாணத்தன்று அம்மா கட்டிய பட்டுப் புடவையைத்தான் கட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தாள். அதற்கான ஜாக்கெட்டைப் போட்டபோது ஒரு பக்கம் அப்படியே அமுங்கிப்போய்விட்டது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். "இத மறைக்கத்தான் சித்தி அம்மா எவ்ளோ பாடு பட்டுச்சி. இப்ப எல்லாரும் பாப்பாங்களே" என்றாள்.

நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். பூந்தமல்லிப் பெண் ஒருத்திக்காகத் தைத்து வைத்திருந்தது ஒன்று அலமாரியில் இருந்தது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து அந்தப் பட்டு ஜாக்கெட்டை மடியில் வைத்து, உள்பக்கம் பாக்கெட்டைக் கையாலேயே தைத்தேன். கண்ணீரில் ஊசி தெரியவில்லை, விரலில் குத்திக்கொண்டே தைத்தேன். அதை வைத்து, ஜாக்கெட்டைப் போட்டு, முந்தானையை மடித்து ஒரு தோளில் மட்டும் விட்டோம். இரண்டு வருஷமாக இரண்டு தோளையும் மூடிக்கொண்டிருந்த மனுஷி. அளவு கச்சிதமாக இருந்தது. உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று, கூட இருந்தவள் கேட்டபோதுதான், எனக்கும் ஒரு பக்கம் இல்லை என்று முதல்முறையாக வாய் திறந்து சொன்னேன். யாருக்கும் தலையில் இடி விழவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பூசை முடிந்து அக்காவின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்தேன் என்றாள். பிறகு, அன்றைக்கு அம்மாவுக்கு வைத்தீர்களே, அது எங்கே கிடைக்கிறது என்று கேட்டாள். அம்மா அதைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்ததாம். அக்காவுக்கு எழுத்துக் கூட்டி டைப் பண்ண வராது. போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், அப்படித்தான் தேடுவாராம். பழசை அழிக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பெண் அந்தப் போனை என் கையில் கொடுத்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக அக்காவின் பேச்சு அப்படியே இருந்தது.

ஒரு பக்கம் மார் எடுத்துட்டாங்க ஜாக்கெட் எப்டி போட்டுக்கிறது. ஜாக்கெட்டுக்குள்ள பஞ்சு வெச்சா நிக்க மாட்டேங்குது. ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஜாக்கெட் தெக்கிற பொம்பள டைலர் திருமுல்லைவாயில். அதே கேள்வி அம்பத்தூர் என்று ஒருமுறை, ஆவடி என்று ஒருமுறை. அதற்குக் கீழே, பொண்ணு கல்யாணம் வருது ஒரு பக்கம் மார் இல்ல யாராச்சும் தெச்சி குடுப்பாங்களா.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சட்னிக்குச் சண்டை போட்ட குரல். எவரிடமும் சொல்லாததை அந்தப் போனிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட வார்த்தை ஒன்றுகூட என் வெப்சைட்டில் இல்லை. ஸ்பெஷல் ஃபிட்டிங் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ப்ளவுஸ் என்றுகூட அவர் சொல்ல மாட்டார், ஜாக்கெட் என்பார். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன்.

இது நான் தைத்ததுதான் என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ நாளா சித்தி தெக்கிறீங்க?"

அஞ்சு வருஷமா என்றேன். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். போனை வாங்கிப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு எழுந்தாள். போகும்போது, உங்கம்மா கேட்டதையெல்லாம் அப்படியே என் வெப்சைட்டில் போடட்டுமா என்று கேட்டேன். பேரு வராதுல்ல, போடுங்க என்றாள். படியிறங்கின பிறகுதான் அழுதாள். கேட் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

மகளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா கேட்டதெல்லாம், பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து நான் கேட்டதெல்லாம். திருத்தாதே, புத்தகத் தமிழாக மாற்றாதே, மார் என்றால் மார் என்றே போடு, ஜாக்கெட் என்றே போடு என்றேன். எனக்கும் ஒரு பக்கம் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். அப்போது சொல்லியிருக்கலாமே அம்மா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பயந்தபடி சில கேடுகெட்ட போன்கள் வந்தன. வைடா என்று வைத்துவிட்டேன், அவ்வளவுதான் அது. பங்கிலும் நாலு நாள் பேசினார்கள், ஐந்தாம் நாள் வேறு பேச்சு கிடைத்துவிட்டது. மாதப் பட்டியலில் இப்போது மயிலும் ஜன்னலும் கீழே போய்விட்டன. ஒரு பக்கம் மார் இல்ல, பஞ்சு நிக்கல, யார் தைப்பாங்க என்று வெவ்வேறு ஊர்ப் பெண்கள் கேட்டிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அக்கா கேட்பது போலவே இருக்கும்.

போன வாரம் அயப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முந்தானையை இரண்டு தோளிலும் சுற்றியிருந்தாள். அளவெடுத்து முடித்து அவள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் வெப்சைட்டில் இருந்தது அப்படியே என் மனசில் இருந்தது அக்கா, இப்படித்தான் கேட்பேன் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"ரெண்டாவது தெருவுல ஒருத்தங்க கேட்டாங்கம்மா" என்றேன். "நான்தான் பதில் சொல்லல."